'ரெயின் செக்' என்றால் என்ன? யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது: முழுமையான வழிகாட்டி

"கேன் ஐ டேக் எ ரெயின் செக்?"

அமெரிக்கர்களோடு வேலை செய்கிறவர்கள் காதில் இந்த வாக்கியம் ஒரு நாள் விழாமல் போகாது. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரும். சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள் என்றால் வரும். வேலை முடிந்ததும் ஒரு காபி குடிக்கலாமா என்றாலும் வரும். ரெயின் தெரிந்த சொல், செக்கும் தெரிந்த சொல். இரண்டும் சேரும்போதுதான் குழப்பம். மழை வருமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறாரா? காசோலை ஏதாவது கேட்கிறாரா? இரண்டும் இல்லை.

அவர் சொல்வது இதுதான்: "இப்போது வர முடியவில்லை. ஆனால் இந்த அழைப்பு அப்படியே இருக்கட்டும், இன்னொரு நாள் வருகிறேன்."

பல அகராதிகளும் ஆங்கிலம் கற்றுத்தரும் காணொளிகளும் இதை 'மரியாதையாக மறுப்பது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அது பாதிதான் சரி. மறுப்பது முதல் பாதி; திரும்பி வருகிறேன் என்று ஒப்புக்கொள்வது இரண்டாம் பாதி. எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் இந்தத் தொடரின் உயிர். அது புரியாமல் இதைப் பயன்படுத்துகிறவர்கள், தெரியாமலேயே வாக்குக் கொடுத்துவிட்டு அதை மறந்தும் போகிறார்கள். அதனால் பொருள், இலக்கணம், இடம், பதில் என்று ஒவ்வொன்றாகப் போவோம். முதலில் இது பிறந்த இடம்.

படி 1: டிக்கெட்டின் கிழிந்த பாதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தத் தொடர் பேஸ்பால் மைதானத்தில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்க நகரங்களில் பேஸ்பால் பெரிய பொழுதுபோக்காக வளர்ந்துகொண்டிருந்தது. எல்லாம் திறந்தவெளி மைதானங்கள். மழை பிடித்தால் ஆட்டம் நிற்கும். ஒரு முழு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். மரபான விதிப்படி, குறைந்தது 5 இன்னிங்ஸ் முடிந்திருந்தால்தான், அல்லது சொந்த ஊர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரை இன்னிங்ஸாவது முடிந்திருந்தால்தான், அது கணக்கில் சேரும் ஆட்டம். அதற்கு முன்பே மழை கெடுத்துவிட்டால் ஆட்டமே நடக்காத மாதிரிதான்.

ஆனால் பார்க்க வந்தவர் காசு கொடுத்துவிட்டாரே? அவருக்கு என்ன வழி? காசைத் திருப்பித் தராமல், இன்னொரு நாள் ஆட்டத்தை இலவசமாகப் பார்க்க ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டின் பெயர்தான் ரெயின் செக். அமெரிக்க ஆங்கிலத்தில் செக் என்ற சொல்லுக்கு அடையாளச் சீட்டு என்றும் ஒரு பொருள் உண்டு. விடுதியிலோ நாடக அரங்கிலோ கோட்டையும் தொப்பியையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு எண் சீட்டைத் தருவார்களே, அந்த இடத்தை இன்றும் 'கோட் செக்' என்றுதான் சொல்கிறார்கள். சீட்டைக் காட்டினால் உங்கள் பொருள் திரும்பக் கிடைக்கும். ரெயின் செக்கில் உள்ளதும் அந்தச் செக்தான். வங்கிக் காசோலைக்கும் இதற்கும் தொடர்பில்லை, 'சரிபார்' என்ற வினைச்சொல்லுக்கும் இல்லை.

இந்தப் பெயர் 1884இலேயே அச்சில் வந்துவிட்டது. கிழித்துத் தரும் டிக்கெட் முறையைக் கொண்டுவந்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர் ஆப்னர் பவல். நியூ ஆர்லியன்ஸ் நகரின் பெலிகன்ஸ் அணியில் 1880களின் இறுதியில் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்தவர். அன்றைய டிக்கெட் கெட்டியான அட்டை. வாசலில் வாங்கிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு அதையே மறுபடி விற்பார்கள். மழை வந்து ஆட்டம் நின்றால், வெளியே போகும் எல்லோரும் வரிசையில் நின்று அடுத்த ஆட்டத்துக்கான அட்டையை வாங்கிக்கொள்ளலாம். சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்தவர்களும் அதே வரிசையில் நின்றார்கள் என்பதுதான் பவலுக்கு வந்த தலைவலி. டிக்கெட்டை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைப் பார்வையாளரிடமே கொடுத்துவிட்டால், காசு கொடுத்தவர் கையில் மட்டும்தானே அது இருக்கும்? அப்படித்தான் அந்தக் கிழிந்த பாதி வந்ததாகச் சொல்கிறார்கள். பெயர் அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்ததால், சொல்லையும் அவர்தான் உருவாக்கினார் என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம்.

பேஸ்பாலுக்கும் மழைக்கும் உள்ள உறவு பற்றி எனக்குப் பிடித்த ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனில் 1965இல் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம், முழுக்கக் கூரை போட்ட மைதானம். அங்கே மழையால் ஆட்டம் நிற்கவே வாய்ப்பில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1976 ஜூன் 15ஆம் தேதி ஊரில் பெருவெள்ளம். இரண்டு அணிகளும் உள்ளே தயாராக இருந்தன. நடுவர்களும் பெரும்பாலான ரசிகர்களும் தெருவைத் தாண்டி வர முடியவில்லை. கூரைக்குக் கீழே ஒரு சொட்டு விழாமலேயே ஆட்டம் தள்ளிப்போனது.

மைதானத்திலிருந்து இந்தச் சொல் மற்ற இடங்களுக்கும் போனது. பாதி ஆட்டத்தில் மழை வந்தால் கோல்ஃப் மைதானங்கள் ரெயின் செக் தருகின்றன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இது விருந்து அழைப்புகளுக்கும் வந்துவிட்டது. அங்கே சீட்டு இல்லை, மழையும் இல்லை. பின்னர் தருகிறேன், பின்னர் வருகிறேன் என்ற ஒப்பந்தம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

படி 2: பொருளின் எல்லையைப் பிடியுங்கள்

டிக்கெட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பொருள் தானாகத் தெளிவாகும். ரெயின் செக் கையில் இருப்பவருக்கு ஆட்டம் பார்க்க ஆசை, ஆசைப்பட்டுத்தான் வந்தார். தடை அவர் கையில் இல்லாத ஒன்று. ஆட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது. அழைப்புக்கு 'ரெயின் செக்' என்று பதில் சொல்லும்போது இந்த மூன்றையும் சேர்த்தே சொல்கிறீர்கள்: வர எனக்கு விருப்பம், இன்றைக்குச் சூழ்நிலை இடம் தரவில்லை, இது பாக்கி இருக்கட்டும்.

தமிழில் இதற்கு மிக நெருக்கமாக இருப்பது நாம் பேச்சில் சொல்லும் கடன் கணக்குதான். "இன்னைக்கு முடியல, அந்தக் காபி பாக்கி இருக்கட்டும்" என்று சொல்வோம். கொஞ்ச நாள் கழித்து "நீங்க எனக்கு ஒரு காபி கடன்பட்டிருக்கீங்க" என்று அவரே ஞாபகப்படுத்துவார். அந்த நெருக்கமான தொனியும் உரிமையும் ரெயின் செக்கிலும் உண்டு.

இதோடு குழப்பிக்கொள்ளும் இரண்டு மூன்று தொடர்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம். "ஐ வில் பாஸ்" என்றால் எனக்கு வேண்டாம், விஷயம் முடிந்தது. கதவு சாத்தியாகிவிட்டது. "நோ, தேங்க்ஸ்" என்பதும் அதே வகை, கொஞ்சம் மென்மை. "லெட்ஸ் போஸ்ட்போன்" அல்லது "கேன் வி ரீஷெட்யூல்" என்றால் ஏற்கெனவே நாள் குறித்த ஒன்றை வேறு நாளுக்கு மாற்றுவது. அதில் சொந்த உணர்ச்சி எதுவும் கிடையாது, அலுவலகக் கூட்டத்துக்கும் பொருந்தும். "மேபி சம் அதர் டைம்" கொஞ்சம் வழவழப்பானது. வரலாம், வராமலும் போகலாம். ரெயின் செக் இந்த வழவழப்பைவிட ஒரு படி உறுதியானது, ரீஷெட்யூலைவிட ஒரு படி நட்பானது.

படி 3: வாக்கியத்தில் சரியாக உட்கார வையுங்கள்

இலக்கணம் சின்னதுதான், ஆனால் தவறு நடக்கும் இடமும் இதுதான்.

டிக்கெட் கவுன்டரை மனதில் வையுங்கள். கிளப், அதாவது ஆட்டத்தை நடத்தும் அணி நிர்வாகம், கொடுக்கிறது, பார்வையாளர் எடுத்துக்கொள்கிறார். பேச்சிலும் அப்படியே. அழைக்கப்பட்டவர் 'டேக்' செய்கிறார், அழைத்தவர் 'கிவ்' செய்கிறார். நீங்கள் போக முடியாதவர் என்றால் "ஐ வில் டேக் எ ரெயின் செக்" என்பீர்கள். உங்கள் வீட்டுக்கு ஒருவரை அழைத்து, அவரால் வர முடியவில்லை என்றால், "நோ ப்ராப்ளம், ஐ வில் கிவ் யூ எ ரெயின் செக்" என்று நீங்கள் சொல்லலாம். இதை மாற்றிச் சொன்னால் கேட்பவருக்கு யார் யாரை அழைத்தார் என்பதே புரியாது.

நடுவில் உள்ள 'எ' என்ற ஒற்றை எழுத்தை விடக் கூடாது. தமிழில் அதற்கு இணையான உருபு இல்லாததால் நம் வாயில் அது எளிதாக நழுவிவிடும். "டேக் ரெயின் செக்" என்றால் காதில் இடறும்.

எதற்கான ரெயின் செக் என்று சொல்ல வேண்டுமானால் 'ஆன்' வரும். "கேன் ஐ டேக் எ ரெயின் செக் ஆன் டின்னர்?" "ஐ வில் ஹேவ் டு டேக் எ ரெயின் செக் ஆன் தட்." முன்னால் பேசிய விஷயம் இரண்டு பேருக்கும் தெரியும் என்றால் 'ஆன்' இல்லாமலே நிறுத்திவிடலாம்.

இப்போது குறுஞ்செய்திகளில் இதை வினைச்சொல்லாகவும் பார்க்கலாம். "கேன் வி ரெயின் செக் டுநைட்?" என்றால், இன்று மாலை என்று பேசி வைத்ததைத் தள்ளிப்போடலாமா என்று பொருள். பழைய வழக்கில் அழைப்பு வந்த உடனே சொல்லும் பதிலாக மட்டும் இருந்தது, இங்கே ஒப்புக்கொண்ட திட்டத்தைத் தள்ளிவைக்கவும் பயன்படுகிறது. நெருங்கிய நண்பர்களுக்குள் சரி. மற்றவர்களிடம் பெயர்ச்சொல்லாகவே பயன்படுத்துங்கள்.

உச்சரிப்பில் அழுத்தம் முதல் சொல்லில் விழ வேண்டும்: ரெயின் செக். இரண்டுக்கும் சம அழுத்தம் கொடுத்தால், 'செக்' தனி வினையாக ஒலித்து, மழையைச் சரிபார்ப்பது போல ஆகிவிடும். கடைசியில் உகரம் சேர்த்து 'செக்கு' என்று முடிப்பதும் நம் நாக்கின் பழக்கம்; 'க்' என்று வெட்டி நிறுத்துங்கள். எழுதும்போது ஆங்கிலத்தில் இரண்டு தனிச் சொற்களாக எழுதுவது வழக்கம். செக்கின் எழுத்து சி, எச், இ, சி, கே. நம் ஊரில் வங்கிக் காசோலைக்கு எழுதும், கியூ வரும் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் இங்கே பொருந்தாது.

படி 4: இடம், ஆள் பார்த்துப் பேசுங்கள்

இது பேச்சுவழக்குத் தொடர். சக ஊழியர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், ஓரளவு பழகிய மேலாளர் ஆகியோரிடம் தாராளமாகச் சொல்லலாம். அழைப்பு சாப்பாடு, காபி, சினிமா, விளையாட்டு, வார இறுதிச் சந்திப்பு மாதிரி மறுபடி நடத்தக்கூடியதாக இருக்க வேண்டும். இதுதான் அடிப்படைச் சோதனை: இதே நிகழ்ச்சியை இன்னொரு நாள் நடத்த முடியுமா? முடியும் என்றால் ரெயின் செக் பொருந்தும்.

திருமணத்துக்கு ரெயின் செக் கேட்க முடியாது. ஒரு முறைதான் நடக்கும். பிறந்தநாள் விழா, வழியனுப்பு விழா, பட்டமளிப்பு விழா எல்லாம் இதே கணக்குதான். அங்கே வாழ்த்துச் சொல்லி, வர முடியாததற்கு வருத்தம் சொல்வதே முறை. இரங்கல் நிகழ்வுகளில் இந்தச் சொல் வாயில் வரவே கூடாது. வேலை நேர்முகம், மருத்துவர் நேரம், விசா அலுவலகச் சந்திப்பு இவற்றுக்கு 'ரீஷெட்யூல்' தான். மேலாளர் "நாளைக்கு இதைப் பற்றிப் பேச வேண்டும்" என்றால் அது அழைப்பு இல்லை, வேலை. அதற்கு ரெயின் செக் என்று சொன்னால் பொறுப்பில்லாதவர் மாதிரி தெரியும்.

நாட்டையும் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவிலும் பலருக்குத் தெரியும். பிரிட்டனில் பேஸ்பால் மரபு இல்லாததால் அன்றாடப் பேச்சில் குறைவு. அமெரிக்கப் படங்கள் வழியாகத் தெரிந்தவர்கள் உண்டு, தவறாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் சக ஊழியரிடம் பேசும்போது, அவருக்குத் தெரியுமா என்ற சந்தேகம் இருந்தால் "அனதர் டே, ஃபார் ஷ்யூர்" என்று நேராகச் சொல்வது நல்லது. எதிரில் இருப்பவருக்குப் புரியாத மரபுத்தொடரால் யாருக்கும் லாபமில்லை.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான விலக்கு. உங்களுக்கு உண்மையிலேயே விருப்பமில்லாத ஒன்றுக்கு ரெயின் செக் சொல்லாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்வது நம்மில் பலருக்குக் கஷ்டம். "பார்க்கலாம்", "வர முயற்சி பண்றேன்" என்று சொல்லித்தான் வளர்ந்திருக்கிறோம். எதிரில் இருப்பவரும் நம் ஊர்க்காரர் என்றால் அதன் பொருள் அவருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில் ரெயின் செக்கை ஒரு நாகரிகமான 'பார்க்கலாம்' ஆக எடுத்துக்கொண்டால் சிக்கல். அமெரிக்கர் அதை வாக்காக எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி கேட்பார்.

உதாரணமாக, நீங்கள் மது அருந்தாதவர். அலுவலகத்தில் "டிரிங்க்ஸுக்குப் போகிறோம், வருகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். ரெயின் செக் என்றால், அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கேள்வி வரும், அதற்கடுத்த வெள்ளியும் வரும். அதற்குப் பதில் "ஐ டோன்ட் டிரிங்க், பட் ஐ வுட் லவ் டு ஜாயின் யூ ஃபார் காஃபி சம்டைம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு உங்கள் வழக்கம் தெரிந்துவிடும், நட்பும் குறையாது. போய் ஒரு சோடாவோடு உட்கார்ந்திருக்க விருப்பம் என்றால் அதையும் சொல்லலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காதல் நோக்கத்தோடு ஒருவர் அழைத்து, உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்றால் இன்னும் கவனம் தேவை. ரெயின் செக் அங்கே நம்பிக்கை கொடுத்துவிடும். "தேங்க் யூ, பட் நோ" என்பதுதான் அவருக்கும் உங்களுக்கும் நல்லது. வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட பொருளுக்கு விற்பனையாளர் விளக்கக் கூட்டம் கேட்டாலும் இதே பதில்தான். ரெயின் செக் சொன்னால் அவர் தொடர்ந்து அழைப்பார், அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

படி 5: நான்கு துண்டாகச் சொல்லிப் பழகுங்கள்

நன்றி, காரணம், ரெயின் செக், அடுத்த நாள். இந்த வரிசையில் சொன்னால் தொனி தானாகச் சரியாக அமையும்.

சக ஊழியர்: "வி ஆர் கெட்டிங் லஞ்ச் அட் தி தாய் பிளேஸ். வான்ட் டு கம்?"

நீங்கள்: "தட் சவுண்ட்ஸ் கிரேட், தேங்க்ஸ். ஐ ஹேவ் எ கால் அட் ஒன். கேன் ஐ டேக் எ ரெயின் செக்? ஹவ் அபௌட் தர்ஸ்டே?"

நன்றாக இருக்கிறது, நன்றி, ஒரு மணிக்கு ஒரு அழைப்பு இருக்கிறது, இன்னொரு நாள் வரலாமா, வியாழக்கிழமை எப்படி? அவ்வளவுதான். நான்காவது துண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாள் சொன்னால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். நாள் உறுதியாகத் தெரியாவிட்டால் "நெக்ஸ்ட் வீக்?" என்றாவது சொல்லுங்கள்.

காரணம் ஒரு வரி போதும். பையனுக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார், வண்டி வேறு சர்வீஸில் இருக்கிறது என்று நாம் அடுக்குவது, நம்மை நம்ப வேண்டுமே என்ற அக்கறையில்தான். ஆனால் அமெரிக்கப் பேச்சில் காரணம் நீளும்போது சாக்கு மாதிரி ஒலிக்கத் தொடங்கும். "ஐ ஹேவ் ஃபேமிலி இன் டவுன்" என்றால் முடிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமை பார்பிக்யூவுக்கு அழைக்கிறார் என்று வையுங்கள். "ஓ, ஐ விஷ் வி குட்! தி கிட்ஸ் ஹேவ் மியூசிக் கிளாஸ் ஆல் ஆஃப்டர்நூன். ரெயின் செக்?" இங்கே கடைசியில் வெறும் இரண்டு சொல்லே முழுக் கேள்வியாக நிற்கிறது. குரல் மேலே போய் முடிய வேண்டும். நெருக்கமானவர்களிடம் இந்தச் சுருக்கம் அழகாக இருக்கும்.

மின்னஞ்சலில் கொஞ்சம் நிதானமாக: "தேங்க் யூ ஃபார் திங்கிங் ஆஃப் மி. ஐ ஆம் டிராவலிங் திஸ் வீக், பட் ஐ வுட் லைக் டு டேக் எ ரெயின் செக், இஃப் தட் இஸ் ஆல் ரைட்." நீங்கள் அதிகம் பழகாத வாடிக்கையாளருக்கு என்றால் இந்தத் தொடரை எடுத்துவிட்டு 'ரீஷெட்யூல்' போடுங்கள்.

படி 6: உங்களிடம் ஒருவர் சொன்னால்

நீங்கள் அழைத்து, அவர் ரெயின் செக் கேட்டால், முகம் வாட வேண்டாம். "ஆஃப் கோர்ஸ், எனி டைம்" என்று உடனே கொடுத்துவிடுங்கள். "ஏன், என்ன ஆச்சு?" என்று துருவிக் கேட்பது நம் ஊரில் அக்கறை, அங்கே அது தலையீடாகத் தெரியலாம்.

அவர் உண்மையில் வர நினைக்கிறாரா என்று எப்படித் தெரியும்? அவர் நாள் சொன்னாரா என்று பாருங்கள். "ரெயின் செக்? மண்டே இஸ் பெட்டர் ஃபார் மி" என்றால் உறுதியாக வருகிறார். நாள் எதுவும் இல்லாமல் வெறுமனே சொன்னால், ஒரு வாரம் பத்து நாள் கழித்து நீங்கள் ஒரு முறை கேட்கலாம். அப்போதும் நாள் சொல்லாமல் இன்னொரு ரெயின் செக் வந்தால், அங்கேயே விட்டுவிடுங்கள். இதை நாகரிகமான மறுப்பாகப் பயன்படுத்தும் அமெரிக்கர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மை. மூன்றாவது முறை கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். எப்போதாவது அவருக்கே தோன்றினால் அவரே கூப்பிடுவார்.

கடையில் கேட்டால் பொருள் வேறு

அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடிபோனவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, காசு மிச்சமாகும். சூப்பர் மார்க்கெட் விளம்பரத்தில் ஒரு பொருளுக்குத் தள்ளுபடி என்று போட்டிருக்கிறார்கள்; நீங்கள் போகும்போது அலமாரி காலி. வாடிக்கையாளர் சேவை மேசையில் போய் "கேன் ஐ கெட் எ ரெயின் செக் ஃபார் திஸ்?" என்று கேளுங்கள். கொடுக்கும் வழக்கம் உள்ள கடையென்றால், பொருளின் பெயர், தள்ளுபடி விலை, எத்தனை வாங்கலாம், எந்தத் தேதிக்குள் என்று எழுதி ஒரு சீட்டுத் தருவார்கள். சரக்கு வந்த பிறகு, தள்ளுபடி முடிந்திருந்தாலும் அதே விலைக்கு வாங்கலாம். இங்கே ரெயின் செக் மறுபடியும் கையில் பிடிக்கும் காகிதம் ஆகிவிடுகிறது; இங்கே வினைச்சொல் 'கெட்', பின்னால் 'ஃபார்' வருவதும் இயல்பு.

இதற்குப் பின்னால் சட்டமும் உண்டு. விளம்பரம் செய்த உணவுப் பொருளைக் கடைகள் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1971இல் ஒரு விதி கொண்டுவந்தது. 1989இல் அதைத் திருத்தி, சரக்கு தீர்ந்தால் ரெயின் செக் தருவதையும் ஏற்றுக்கொண்டார்கள். 'வைல் சப்ளைஸ் லாஸ்ட்' என்று விளம்பரத்தில் அச்சிட்டிருந்தால், இருப்பு உள்ளவரைதான் என்று முன்பே சொல்லிவிட்டார்கள் என்று பொருள். அதற்குப் பொதுவாகக் கிடைக்காது.

அடிக்கடி காதில் விழும் பிழைகள்

"லெட்ஸ் டேக் எ ரெயின் செக் ஆன் அவர் பிளான்" என்று சொல்லி, திட்டத்தை மறுபரிசீலனை செய்வோம் என்ற பொருளில் சிலர் பயன்படுத்துகிறார்கள். செக் என்றதும் சரிபார்ப்பது நினைவுக்கு வருவதால் வரும் பிழை. 'ரியாலிட்டி செக்' என்ற வேறொரு தொடரும் காதில் கலந்துவிடுகிறது. அதன் பொருள் நிலவரத்தை உள்ளபடி பார்ப்பது. ரெயின் செக்கோடு சம்பந்தமில்லை.

வானிலை பேசும்போது இதைச் சொல்வதும் தவறு. மழை பெய்யுமா என்று பார்க்க "செக் தி வெதர்" என்றால் போதும்.

ரத்து செய்வதற்கும் இது பொருந்தாது. "ஐ டுக் எ ரெயின் செக் ஆன் மை ஜிம் மெம்பர்ஷிப்" என்றால் கேட்பவர் குழம்புவார். மறுபடி வரப்போவதில்லை என்றால் 'கேன்சல்' தான்.

படி 7: பாக்கியைத் தீருங்கள்

ரெயின் செக் எடுத்தவர்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். டிக்கெட்டின் பாதி உங்கள் கையில் இருக்கிறது. கிளப் உங்கள் வீட்டுக்கு வந்து கூப்பிடாது. முதலில் அழைத்தவர் மறுபடியும் அழைக்கட்டும் என்று காத்திருந்தால், அவர் உங்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொள்வார். இரண்டு பக்கமும் நல்ல மனது இருந்தும் நட்பு நின்றுபோவது பல சமயம் இப்படித்தான்.

சொல்வது எளிது. "ஹே, ஐ ஸ்டில் ஓ யூ தட் லஞ்ச். ஆர் யூ ஃப்ரீ ஆன் வெட்னஸ்டே?" அந்தச் சாப்பாடு பாக்கி இருக்கிறது, புதன்கிழமை நேரம் இருக்குமா? இன்னும் நேராகவே "ஐ வுட் லைக் டு கேஷ் இன் மை ரெயின் செக்" என்றும் சொல்லலாம். 'கேஷ் இன்' என்றால் சீட்டைக் கொடுத்து உரியதை வாங்கிக்கொள்வது. இதைக் கேட்டதும் அமெரிக்கர் முகத்தில் சிரிப்பு வரும், ஏனென்றால் நினைவில் வைத்திருந்து திரும்பிக் கேட்பவர்கள் குறைவு.

ரொம்ப நாள் ஆகிவிட்டதே, இனிக் கேட்டால் நன்றாக இருக்குமா என்று தயங்க வேண்டாம். "இட் ஹாஸ் பீன் வே டூ லாங், பட் இஸ் தட் ரெயின் செக் ஸ்டில் குட்?" என்ற ஒரு வரிக் குறுஞ்செய்தி போதும். அவர் இப்போது வேறு ஊரில் இருந்தால், சாப்பாட்டுக்குப் பதில் அரைமணி நேரம் போனில் பேசலாமா என்று கேளுங்கள்.